செத்த எறங்குங்க

பேய் பிசாசுன்னு சொல்லிக்கிட்டு வர்ற ஆளுகளை நான் வாசல்லயே நிறுத்தி நாலு வாங்கு வாங்கிருவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. அதனால இப்ப நான் சொல்லப் போறதைக் கேட்டுட்டு, ஈஸ்வரிக்கு வெயில்ல மண்டை கொழம்பிருச்சுன்னு எவனாச்சும் சொன்னா, அவன் வண்டியை எங்கிட்டக் கொண்டாரட்டும், பேசிக்கிறேன். காரைக்குடியில இருந்து குன்றக்குடி போற ரோட்டுல புகை டெஸ்ட் எடுக்குற கொட்டகை என்னுது. அடுத்தவன் வண்டிப் புகையைக் குடிச்சுத்தான் எம் பொழப்பே ஓடுது.

மலையம்மா நெற்குப்பைக்காரி, டாக்ஸி ஓட்டுறவ. வெள்ளை அம்பாசிடர், டீசல் வண்டி, பழசுன்னா அப்படி ஒரு பழசு. பெரிய பெரிய வீடுகளைப் பாக்க வர்ற டூரிஸ்ட்டுகளுக்கு அந்த வண்டியில ஏறி ஊரைச் சுத்துறதுன்னா கொள்ளை ஆசை. அப்பன் வீட்டு வயல்ல டிராக்டர் ஓட்டிப் பழகுனவ, அதனால அவளுக்கு ஸ்டீயரிங் புதுசு இல்ல. ஆனா டாக்ஸி அவ புருஷன் ஓட்டுனது. ஒருநா அந்த மனுசன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. இவளே அவரை முன் சீட்டுல இடது பக்கம் உக்கார வச்சு, ஆக்சிலேட்டரைத் தரையோட அமுக்கிக்கிட்டு காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கா. குன்றக்குடி கிட்டக்க ஒரு தடவை இருமிட்டு, கண்ணாடியை எறக்கி விட்டாராம். அப்பறம் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தாராம். ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை நிறுத்தி, "ஏங்க, வந்தாச்சு, எறங்குங்க"ன்னு சொன்னப்பத்தான் அவரு எறங்க மாட்டாருன்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

அவரு பேரு ஐயனார். மலையம்மா வாயில அந்தப் பேரு வந்து நான் கேட்டதில்ல. பேரைச் சொன்னா புருஷனுக்கு ஆயுசு கொறைஞ்சிருமாம். நான் எம் புருஷனைக் கோவம் வந்தா ஊரு கேக்கப் பேரு சொல்லிக் கூப்பிடுவேன், அந்த ஆளு கல்லுக்குண்டு மாதிரி இருக்காரு. ஆனா இவ சாமியைக்கூடப் பேரு சொல்ல மாட்டா. ஐயனார் கோயிலுக்குப் போகணும்னா "குதிரைக்காரர் கோயிலு"ம்பா. டூரிஸ்ட்டுகளுக்கும் அப்படியேதான் சொல்லிக் குடுத்து வச்சிருந்தா.

அவரு போன பெறகு வந்த சித்திரையில, மத்தியான வெயில்ல, வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டாந்தா. டாக்ஸி ஓடத் தகுதியா இருக்குன்னு வருசா வருசம் எப்.சி. காட்டணும், அதுக்குப் புகை சர்டிபிகேட் இருக்கணும். இல்லைன்னா வண்டி ரோட்டுக்கு வர முடியாது, நேரா காயலாங்கடைதான். வண்டி உள்ள நுழையும்போது முன் சீட்டுல தோள்ல துண்டோட ஒரு ஆளு உக்காந்திருக்கதை நான் பாத்தேன்.

"யாருடி அது முன்னாடி? செத்த எறங்கி அங்குட்டு நிக்கச் சொல்லு, டெஸ்ட்டுக்கு நீ மட்டும் இருந்தாப் போதும்"னேன்.

"யாருமில்லையேக்கா"ன்னா.

கிட்டப் போயிப் பாத்தேன். யாருமில்ல. கண்ணாடியில வெயில் அடிச்சு அப்படித் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். ஆனா சீட்டு மட்டும் நடுவுல அமுங்கிக் கெடந்துச்சு, பீடி வாசம் கப்புன்னு அடிச்சுச்சு. அவ புருஷன் பீடி குடிப்பாருன்னு எனக்குத் தெரியும். பழைய சீட்டுல வாசம் ஒட்டிக்கிட்டு இருக்கும்னு என்னை நானே அதட்டிக்கிட்டேன்.

மிஷின் குழாயை சைலன்சர்ல சொருகிட்டு, "ம், முழுசா அமுக்கு"ன்னேன். டீசல் வண்டிக்கு அப்படித்தான் டெஸ்ட், ஆக்சிலேட்டரைத் தரையோட அமுக்கணும். அமுக்குனா பாருங்க, ஆத்தாடி, அடுப்படியில பச்சை வெறகைத் திணிச்ச கணக்கா கருகருன்னு புகை. மிஷின்ல நம்பரு அளவைத் தாண்டி எகிறிப் போச்சு. அந்தப் புகையில டீசல் வாசம் இல்ல. பீடி வாசம். நான் மூக்கைப் பொத்திக்கிட்டு நிமுந்தா, இடது பக்கக் கண்ணாடியில உள்பக்கமா ஆவி படியுது. சித்திரை வெயில்ல! படியுது, மறையுது, படியுது, மறையுது. ஆளு மூச்சு விட்டா எப்படி இருக்கும், அப்படி. "பெயிலு, போயி வேலை பாத்துட்டு வா"ன்னு அனுப்பிட்டேன்.

மெக்கானிக் சதீஷ்குமாரு நல்ல வேலைக்காரன். நாசிலைக் கழட்டிச் சுத்தம் பண்ணுனான், பம்ப்பைச் சரி பண்ணுனான், பில்டரை மாத்துனான். அடித்தகரம் துருப்பிடிச்சிருக்குன்னு இடது முன் சீட்டைக் கழட்டி வெளிய வச்சுட்டு ஒட்டுப் போட்டான். சீட்டு இல்லாம ஓட்டிப் பாத்தப்ப புகைன்னு பேருக்குக்கூட வரலையாம். அப்பறம் சீட்டை மாட்டிக்கிட்டு, அவளோட அவனும் எங் கொட்டகைக்கு வந்தான். அமுக்குனா, அதே கருப்பு. "நீங்க எறங்குங்க, நான் அமுக்குறேன்"னு அவனே டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தான். ஒரு அமுக்குதான். கதவைத் தெறந்துக்கிட்டு வெளிய பாஞ்சான்.

"அக்கா, பக்கத்து சீட்டுல யாரோ இருமுறாக"ன்னான்.

அதோட போனவன்தான். ஸ்பேனரு பெட்டியக்கூட எடுக்க வரல.

எனக்கும் பயந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா எனக்குப் பயம் வந்தா கோவமாத்தான் வெளிய வரும். "இந்தா மலையம்மா, அந்தச் சீட்டைக் கழட்டிப் போட்டுட்டு வா, பாஸ் ஆயிரும், சர்டிபிகேட் தர்றேன்"னு கத்துனேன்.

"அவுக எங்கக்கா உக்காருவாக?"ன்னா.

சாதாரணமாக் கேட்டா. சோத்துக்கு உப்புப் போட்டியான்னு கேப்போம்ல, அப்படி.

அப்பறம் மரத்தடியில உக்காந்து எல்லாத்தையும் சொன்னா. ஆஸ்பத்திரியில ஒடம்பைத்தான் எறக்குனாகளாம், அவரு எறங்கவே இல்லையாம். தெனமும் கூடவே வர்றாராம். குன்றக்குடி தாண்டும்போது இருமுவாராம், கண்ணாடி தானா எறங்குமாம். டூரிஸ்ட்டு யாரு வந்தாலும் இவ முன்னாடி உக்கார விடுறதில்லையாம். "வீட்டுல செவுரத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். வண்டியில ஏறிட்டா எனக்குத் தொணை இருக்குக்கா"ன்னா.

"அவரு செ... அவரு போனது அவருக்குத் தெரியுமாடி?"

"தெரியாதுக்கா. நான் சொல்லல. சொன்னாப் போயிருவாகல்ல?"

மறுநா எப்.சி.க்குக் கடைசி நாளு. பாஸ் ஆகலைன்னா வண்டியை ஓரங்கட்டணும். "காயலாங்கடையில அவுகளையும் சேத்துல்லக்கா அறுப்பாக"ன்னு அழுதா. பாவிமக அழுததை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. எரிச்சல்ல வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்ப எறங்கி நிக்கச் சொல்லுடி! டெஸ்ட் முடியிற வரைக்கும் மரத்தடியில நிக்கட்டும், அப்பறம் ஏத்திக்கிட்டுப் போ. எல்லா வண்டியிலயும் ஆளை எறக்கி விட்டுத்தானே எடுக்குறேன்?"

அவளுக்கு மொகம் தெளிஞ்சிருச்சு. இந்தா வர்றேன்னு போயி, "ஏங்க, எறங்குங்க. ஏங்க, உங்களைத்தான்"னு கெஞ்சுனா. சீட்டு அமுங்குனது அமுங்குனபடியே இருக்கு. கண்ணாடியில ஆவி படிஞ்சு படிஞ்சு மறையுது.

"ஊருல எல்லாப் பொம்பளையுந்தான் ஏங்க ஏங்கன்னு கூப்பிடுறா. அவரைத்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்? பேரைச் சொல்லுடி"ன்னேன்.

"மாட்டேங்கா."

"இனி கொறையிறதுக்கு எந்த ஆயுசுடி இருக்கு? வண்டி வேணுமா வேணாமா?"

வண்டியைத் தடவிக் குடுத்தா. அப்பறம் சுத்தி வந்து இடது பக்கக் கதவைத் தெறந்தா. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அத்தனை வயசுக்கு அவளுக்கு வெக்கம் வந்துச்சு, புதுப்பொண்ணுக்கு வர்ற மாதிரி. குனிஞ்சு மெதுவாச் சொன்னா.

"ஐயனாரு... செத்த எறங்குங்க."

எனக்கு அப்ப ஒண்ணும் தோணல. நாங்க நாள் முழுக்கப் பேசுற வார்த்தைதானே? செத்த இரு, செத்த பொறு, செத்த தள்ளி நில்லு. கொஞ்ச நேரம்னு அர்த்தம், அவ்வளவுதான்.

பீடி வாசம் நின்னு போச்சு. கண்ணாடியில படிஞ்ச ஆவி ஓரத்துல இருந்து மெதுவா மறைஞ்சுச்சு, திரும்பப் படியல. எங் காதுக்குப் பக்கத்துல ஒரு ஆம்பளைக் கொரலு, கோவமே இல்லாம, "அப்படியா?"ன்னு கேட்டுச்சு. பஸ்ஸு அப்பவே போயிருச்சேன்னு சொன்னா கேப்போமே, அப்படி. பெறகு சீட்டு மெல்ல மேல எழும்புச்சு. வண்டி அந்தப் பக்கம் ஒரு விரக்கடை ஒசந்து நின்னுச்சு.

மலையம்மாவுக்கு அந்தக் கொரலு கேக்கல போல. ஓடிப் போயி டிரைவர் சீட்டுல ஏறி அமுக்குனா. புகையே இல்ல, மிஷினு பாஸுன்னு காட்டுச்சு. நான் சர்டிபிகேட்டை எடுத்துக் குடுத்தேன். அவ அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, இடது கதவை அகலத் தெறந்து வச்சுட்டு, மரத்தடியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டா.

"முடிஞ்சிருச்சு, வாங்க. ஏறுங்க."

காத்துக்கிட்டு நின்னா. சீட்டு அமுங்கல. "ஐயனாரு"ன்னா. பெறகு சத்தமா, "ஐயனாரு!"ன்னா. ரோட்டுல போறவுக திரும்பிப் பாத்தாக.

"அக்கா, நான் என்னக்கா சொன்னேன் அவுககிட்ட?"

எனக்குப் பொறி தட்டுனது அப்பத்தான். "செத்த..."ன்னு ஆரம்பிச்சேன். அவரு காதுல அது வேற அர்த்தத்துல விழுந்திருக்கு. அவ என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கும் புரிஞ்சிருச்சு. அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. நானும் பக்கத்துல உக்காந்தேன்.

இப்பவும் டாக்ஸி ஓட்டுறா. முன் சீட்டுல ஆளு ஏத்துறா. கோயிலைத் தாண்டும்போது "ஐயனாரு, ஐயனாரு"ன்னு ரெண்டு மூணு தடவை சத்தமாக் கூப்பிடுவாளாம். கோயிலைத்தான் காட்டுறான்னு நெனச்சு டூரிஸ்ட்டுக மண்குதிரைகளைப் போட்டோ எடுத்துக்குவாகளாம். நான் கொட்டகையில யாரையும் செத்த எறங்குங்கன்னு சொல்றதில்ல. கொஞ்சம் எறங்குங்கன்னுதான் சொல்றேன்.

அடுத்த தடவை டெஸ்ட்டுக்கு வந்தா. மொத அமுக்குலயே பாஸ். சந்தோசமா சர்டிபிகேட்டை நீட்டுனேன். வாங்கி ஒரு பார்வை பாத்தா, மடிச்சு முன் சீட்டுல வச்சா.

"இந்தத் தடவையாச்சும் பெயிலாகும்னு வந்தேங்கா"ன்னா.