இஞ்சிக்காரிகளின் சுவர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப்போனது ஒன்று, ஆக ஐந்து பேரை ஆளாக்கினேன். இஞ்சி சீவிய கையால் ஆளாக்கினேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் என்கிற யூதர் தெருவுக்குப் போகிற வழியில் ஒரு பழைய குடோன். இருபத்தாறு வருஷம் அங்கேதான் வேலை பார்த்தேன். இஞ்சியின் தோலைச் சீவி, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, முற்றத்தில் காயப்போடுவோம். நாற்பது பெண்கள். பிறகு குடோனைப் பூட்டிவிட்டார்கள். நான் எதிரே சாயாக் கடை போட்டேன். ஊர் சுற்ற வருகிறவர்கள் அந்தப் பச்சைக் கதவு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு என் கடைக்குத்தான் வருவார்கள்.

போன மழைக்குப் பிறகு குடோனைத் திறந்தார்கள். படக் கண்காட்சி வரப்போகிறதாம். கட்டடம் படித்த ஒரு மலையாளிப் பெண் வந்தாள். கோயம்புத்தூரில் படித்தவள், தமிழ் வரும். குச்சியில் கேமராவைச் செருகி மூலை மூலையாகப் படம் பிடித்தாள். எங்கேயோ இருக்கிறவர்கள்கூட போனிலேயே குடோனுக்குள் நடந்து பார்க்கலாமாம். சாயா குடிக்க வந்தபோது எனக்கும் காட்டினாள். விரலால் தள்ளத் தள்ள முற்றம் வந்தது, தூண் வந்தது. வாசலை ஒட்டிய உள்சுவர் வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. அதன்மேல் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது.

"இது எந்தா மோளே?"

"அது கேடு வந்த இடம் அம்மச்சி. உப்பு பூத்திருக்கு. நாளைக்குச் சொரண்டிட்டு அங்க பெருசா ஒரு கதகளி முகம் வரையறோம். எல்லாரும் முன்னால நின்னு செல்ஃபி எடுக்கலாமே."

மறுநாள் காலை அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் குடோனுக்குள் போனேன். திண்டுக்கல் பக்கத்துக் கொத்தனார் ஒருவன் சுரண்டியோடு நின்றுகொண்டிருந்தான். போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

"ஆத்தா, தள்ளி நில்லுங்க, தூசி விழும்."

"தூசியத் தின்னே வளந்தவடா நான். சுரண்டியக் கீழ வை."

"என் வேலைக்கு வேட்டு வெச்சுறாதீங்க ஆத்தா!"

சத்தம் கேட்டு அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"உப்பு எங்கேருந்து ஏறும் மோளே?" என்று கேட்டேன்.

"தரையிலேருந்து."

"அப்போ கீழ ரெண்டு முழம் சுத்தமா இருக்கே, எப்படி? இடுப்புக்கு மேலதான் பூக்குமா? வாசலுக்கு அந்தப் பக்கம் ஏன் ஒண்ணையும் காணோம்?"

கொத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, "ஆத்தா சொல்றது சரிதாங்க. இது மேலருந்து அப்புன சுண்ணாம்பு" என்றான்.

அப்புறம் நான் விளக்கினேன். சுண்ணாம்புக் கையில் தண்ணீர் பட்டால் எரியும். அதனால் காய்ந்ததைச் சுவரில் தேய்த்து உதிர்த்துவிட்டுத்தான் தேங்காய் எண்ணெய் தடவுவோம். இஞ்சியை முக்குவது வலது கை. இடது கையில் சோற்றுப் பாத்திரம் இருக்கும். வெளியே போகும்போது வலது பக்கச் சுவரில் ஒரு தேய்ப்பு. தினமும் நாற்பது கை. அப்படி ஏறிய கனம் அது.

சொல்லிவிட்டுக் கையை வைத்தேன். தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்பில் விழுந்திருந்த நாலு பள்ளத்தில் நாலு விரலும் போய் உட்கார்ந்தன. அந்தப் பெண்ணும் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. என் கண் கலங்கவில்லை. எனக்கு அப்படி ஒரு கெத்து.

"எங்க ஊரா இருந்தா இதுக்கு மாலை போட்டிருப்பாங்க ஆத்தா."

"மாலையெல்லாம் வேண்டாம். நீ சுரண்டிய எடுத்துக்கிட்டு நட."

கதகளி முகம் பின்சுவருக்குப் போய்விட்டது. போனில் சிவப்புக் கட்டமும் போய்விட்டது. திறப்பு நாளில் பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து என்னோடு வேலை பார்த்த மூன்று பேர் வந்தார்கள். "இது என் இடம்", "போடி, உனக்கு அவ்வளவு உயரமேது" என்று சண்டை வேறு. வந்தவர்களெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் சுவரைத்தான் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரி என்னையும் நிற்கச் சொன்னாள். நிமிர்ந்து நின்றேன்.

போனில் அந்தச் சுவரைத் தொட்டால் வருகிற மாதிரி தமிழில் நாலு வரி வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். நாலு வரியில் நிற்கிறவளா நான்! என் கையெழுத்து எனக்கே புரியாது, அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். மலையாளம் மளமளவென்று எழுதுவாள், தமிழ் என்றால் கொஞ்சம் யோசிப்பாள்.

எழுதியாச்சா மோளே? எங்கே, முதலிலிருந்து வாசி. சத்தமாக வாசி, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும்.