ரத்தத்தில் குறைந்த உப்பு

மகள் பிறந்த பிறகு எனக்கு இடுப்பும் தொடையும் ஓயாமல் வலித்தன. பிள்ளை பெற்ற உடம்பு, போகப்போகச் சரியாகிவிடும் என்றிருந்தேன். ஆகவில்லை. வாத்து மாதிரி அசைந்து அசைந்து நடந்தேன். கீழே உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாது. கம்பத்தில் எங்கள் தெருவே என்னைச் சோம்பேறி என்றது.

என் வீட்டுக்காரர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதினார். அவர்தான் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா திருவிதாங்கூர்க்காரர், தமிழ் தெரியாது. நான் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி, எனக்கு மலையாளம் தெரியாது. தோட்டத்தில் பழகியதால் என் வீட்டுக்காரருக்கு அது நன்றாக வரும்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்து மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என் வீட்டுக்காரரிடம் மலையாளத்தில் வெகுநேரம் பேசினார். நடுவில் என் முழங்காலைத் தட்டிச் சிரிக்கவும் செய்தார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலும்பு உருகுகிறதாம், மருந்தே இல்லையாம், இன்னொரு பிள்ளை பெற்றால் உயிர் தங்காதாம். நான்தான் அவரைத் தேற்றினேன்.

அந்தத் தை மாதமே அவருக்கு இரண்டாம் கல்யாணம். படுக்கையில் விழப்போகிறவள் எதற்குக் குறுக்கே நிற்க வேண்டும் என்று, வண்டி கட்டிப் போய் நானே பெண் கேட்டேன்.

அடுத்த வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் காலரா ஊசி போட அதே டாக்டரம்மா வந்திருந்தார். தமிழ் பேசப் பழகியிருந்தார். என் நடையைப் பார்த்து அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"மீன் எண்ணெய் குடிச்சுமா சரியாகலை?"

என்ன எண்ணெய் என்று கேட்டேன். டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். ரத்தத்தில் பாஸ்பேட் என்றொரு உப்பு குறைந்திருந்ததாம். அது குறைந்தால் எலும்பு மெலிந்து வலிக்குமாம். மீன் எண்ணெயும் பாலும் குடித்து, தினம் வெயிலில் இருந்தால் சில மாதங்களில் தேறிவிடலாம் என்று சொல்லி, எண்ணெய் பாட்டிலையும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பினாராம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அந்தம்மா சொன்னது உங்களுக்கு வெளங்கலையா?"

"வெளங்குச்சு." சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சொல்லியிருந்தா நீ சம்மதிச்சிருப்பியா?"

இன்னொருத்தியைக் கட்டியது கூட ஆறிப்போனது. அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் கண்ணைத் துடைத்தாரே, அதுதான் ஆறவில்லை. அந்தக் கண்ணீரை நம்பி, என் வலியை விட்டுவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறேன்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஆண்டிபட்டிக்கு வந்துவிட்டேன். டாக்டரம்மா மறுபடி கொடுத்த எண்ணெயை நாற்றம் பொறுத்துக் குடித்தேன். பகலெல்லாம் சோளக்காட்டில் இருந்தேன். மழைக்காலம் வருவதற்குள் வலி விட்டது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உப்பு சரியாகிவிட்டது என்றார்கள். இம்முறை டாக்டரம்மா என்னிடமே சொன்னார்.

நான் நன்றாக நடப்பதைக் கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் கூப்பிட வந்தார். காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தவில்லை. வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்.