நலிந்த பிணைப்பு

முதுகலை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கோடையில் ஒரு சமூகவியல் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வேலை பற்றிய செய்தி நெருங்கிய உறவினரைவிட, எப்போதாவது சந்திக்கும் மனிதர்கள் வழியாகவே பெரும்பாலும் வந்து சேர்கிறது என்பது அந்த அமெரிக்கக் கட்டுரையின் வாதம். ஆங்கிலத்தில் 'வீக் டை' எனப்பட்ட அந்த மெல்லிய தொடர்புக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'தெரிந்தவர்கள்' என்று எழுதினேன்.

மயிலாப்பூர் வீட்டில் அப்பா அச்சுப்பிரதியைப் படித்தார். "இதுக்கு ஆராய்ச்சி வேறயா? சிபாரிசுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாமே."

சிபாரிசுக்கு யாரிடமும் போய் நின்றதில்லை என்பது அப்பாவின் பெருமை. அது எனக்கும் வந்திருந்தது. கட்டுரை பேசுவது செய்தி பரவும் விதத்தை, செல்வாக்கை அல்ல என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. வேலை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினால் நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான். அங்கே வெறும் அவதானிப்பாகப் புறப்பட்டது, ஆங்கிலத்திலிருந்து இங்கே இறங்கும்போது கறைபட்டிருந்தது.

கட்டுரையை வெளியிடவிருந்த, தி.நகரிலிருந்து தொலைபேசியில் பேசிய பதிப்பாசிரியருக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. கலைச்சொல்லாக இல்லையாம்; 'நலிந்த பிணைப்பு' என்று போடச் சொன்னார். எனக்கு அது நோயாளியைக் குறிப்பதுபோல் ஒலித்தது. வாதாடத் தெம்பில்லை. போட்டேன்.

மறுநாள் லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர் இருந்தார். லிஃப்டுக்கு வெளியே நாங்கள் பேசியதே இல்லை. ஆனாலும் அவர் எனக்கு மாமா.

"அடையாறுல ஒரு காலேஜ்ல தமிழுக்கு ஆள் எடுக்கறாளாம், தெரியுமோ?"

தெரியாது. கட்டுரையில் சொன்னபடியே செய்தி வந்து சேர்ந்திருந்தது. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"பிரின்சிபால் நமக்குத் தெரிஞ்சவர்தான்."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் மாமா. நானே அப்ளை பண்ணிக்கறேன்."

"சொல்லிட்டேனே." லிஃப்ட் கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டார். "நம்மாத்துப் பொண்ணுன்னு சொல்லியிருக்கேன்."

அவர் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

அன்று மாலை விண்ணப்பித்தேன். வேலை தேவையாக இருந்தது. கிடைத்தால், எதனால் கிடைத்தது என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அப்பாவிடம் கல்லூரியைப் பற்றி மட்டும் சொன்னேன். பிறகு கட்டுரையைத் திறந்து 'நலிந்த' என்பதை அழித்தேன். அந்த இடத்தில் வைக்க வேறு சொல் கிடைக்காமல், சற்று நேரம் கழித்து அதையே திரும்பத் தட்டச்சு செய்தேன்.