கட்டைவிரல் பள்ளம்

என் அக்கா பழைய மரச்சாமான்களைச் சீராக்குகிறவள். நான் வைத்த பட்டப்பெயர் நத்தை. உடைந்த மேஜை ஒன்று வந்தால் முதல் நாள் அதைத் தொடவே மாட்டாள். எதிரே முக்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கும். தேன்மெழுகு வாசனையில் எனக்குக் கண் சொருகும். "வேலைய ஆரம்பிக்கா" என்பேன். "ஆரம்பிச்சு ஒரு மணி நேரமாச்சுடா" என்பாள்.

பழைய மரத்தில் உளி படவிட மாட்டாள். பள்ளம் இருந்தால் அதற்குத் தக்கபடி புதுத் துண்டைத்தான் செதுக்குவாள். ஒட்டுவது வச்சிரப் பசையில். வெந்நீர்த் துணி வைத்தால் விட்டுவிடும். "நாளைக்கு யாராவது வேண்டாம்னா எடுக்க வரணும்ல." இதற்கு இத்தனை மெனக்கெடலா என்று சிரிப்பேன்.

அப்பா இறந்த மறுவருடம், அம்மா சித்தி வீட்டில் இருந்த பத்து நாளில், அக்கா அப்பாவின் நாற்காலியைத் தன் பட்டறைக்கு எடுத்து வந்தாள். தெரிந்த நாற்காலிதானே என்று முதல் நாள் பார்வையை விட்டுவிட்டாள். வலது கைப்பிடியில் அப்பா கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து உண்டான பள்ளம். அதையும் அடைத்து, மெழுகிட்டு, பளபளவென்று கொண்டுபோய் வைத்தாள்.

அம்மாவுக்குப் பார்வை போய் நான்கு வருடம். வந்ததும் சுவரைத் தடவிப்போய் உட்கார்ந்தாள். விரல் கைப்பிடியில் முன்னும் பின்னும் தேடியது.

"இது யாரு நாற்காலிடி?"

"அப்பாவோடதும்மா. புதுசாக்கிட்டேன்."

"இல்ல. அவர் இதுல இல்ல."

எழுந்து கட்டிலுக்குப் போய்விட்டாள். மதியங்களில் அந்தப் பள்ளத்தில் விரல் வைத்துத்தான் அவரோடு பேசுவாளாம். எங்களுக்கு இது தெரியவே தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அக்கா உடைந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வெந்நீர் வைத்தாள்.

அன்று மட்டும் அவளுடைய நிதானத்தை நான் கேலி செய்யவில்லை. துணி ஆற ஆற மாற்றினோம். ஒரு மணி நேரத்தில் துண்டு தானாகக் கழன்று வந்தது. கீழே பள்ளம் அப்படியே இருந்தது.

அம்மா விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கே."

"காஞ்சிடும்மா."

"இருக்கட்டும். குளிச்சிட்டு வந்திருப்பார்."

கண்ணை மூடிக்கொண்டாள். அக்காவின் உள்ளங்கையில் அந்தத் துண்டு கிடந்தது. பள்ளத்துக்குப் பொருந்தச் செதுக்கிய அதன் அடிப்பக்கம், அச்சு அசலாக அப்பாவின் கட்டைவிரல்.

"ஒரு நிமிஷம் குடுக்கா" என்றேன். அவர் கையைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று.