திருப்பூரில் தூங்கும் போன்கள்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, சென்னையில் ஏசி அறைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து மற்றவர்கள் எங்கெங்கே சுற்றுகிறார்கள் என்று பார்ப்பது. செல்போன்களின் இருப்பிடங்களைப் புள்ளிகளாக்கி வரைபடத்தில் போடுவோம். பெயர் இருக்காது, முகம் இருக்காது. ஒரு போன் வழக்கமாக ராத்திரியில் எந்த ஊரில் கிடக்கிறதோ அதுதான் அதன் சொந்த ஊர். வேறு எங்கே தென்பட்டாலும் அதை வைத்திருப்பவர் சுற்றுலாப் பயணி. எங்கள் விதி அவ்வளவுதான்.

ஜவ்வாது மலையில் பயணிகள் எங்கே போகிறார்கள், எங்கே பஸ் விடலாம் என்று சுற்றுலாத் துறை கேட்ட வேலை வந்தபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குக் கணியம்பாடி, அந்த மலையைப் பார்த்தபடி பல் தேய்த்து வளர்ந்தவள். அருவிப் பக்கம் புள்ளிகள் மொய்க்கும் என்று எதிர்பார்த்தேன், மொய்த்தன. ஆனால் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், அருவியும் இல்லாத பூங்காவும் இல்லாத ஒரு குக்கிராமம் பொங்கல் வாரத்தில் புள்ளிகள் குவிந்து சிவந்து கிடந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"யாருக்கும் தெரியாத ஸ்பாட் சிக்கியிருக்கு. தினமும் பஸ் விடலாம்னு எழுது."

எழுதினேன். எழுதிய பிறகு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே போய் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? மே மாதம் லீவு போட்டுவிட்டு மலைக்குக் கிளம்பினேன்.

அடிவாரத்தில் ஷேர் ஜீப் ஆள் நிரம்பாமல் நகராது. நான் இறங்கி நடப்பதும் ஏறி உட்காருவதுமாக இருந்தேன். எதிர் சீட்டிலிருந்த அக்கா சிரித்தார்.

"செத்த உக்காருங்க. நீங்க நடந்தா ஜீப்பு கெளம்பிடுமா?"

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறவர். புருஷனும் அங்கேயே. மகளை மட்டும் மலையில் நாத்தனார் வீட்டில் விட்டுவைத்திருந்தார். அந்தப் பெண் பத்தாவது பாஸாகியிருந்தாள். பதினோராம் வகுப்புக்கு மலையிறங்கிப் போக வேண்டும், பஸ் கிடையாது.

"பஸ்ஸு இருந்தா படிக்கும். இல்லன்னா எங்கூட கம்பெனிக்குத்தான்," என்றவர், மகளுக்காக வாங்கிய ஸ்கூல் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

எந்த ஊர் என்று கேட்டேன். நான் தேடிப்போன அதே ஊர்.

"பொங்கலுக்கு உங்க ஊருக்கு அவ்ளோ பேரு வர்றாங்களேக்கா, இன்னா பாக்க வர்றாங்க?"

"யாரு வர்றாங்க? நாங்கதான் வர்றோம். திருப்பூரு, கேரளான்னு பொழைக்கப் போனவங்க எல்லாம் வூட்டுக்கு வருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. வருஷம் முழுக்கத் திருப்பூரில் தூங்குகிற போன்கள், பொங்கலுக்குச் சொந்த வீட்டுக்கு வந்ததும் எங்கள் கணக்கில் சுற்றுலாப் பயணிகளாகிவிட்டன. என் வேலையைப் பற்றியும் அந்த விதியைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நானு டூரிஸ்டா? அப்ப ஊர்லயே கெடக்கறவங்கள இன்னான்னு எண்ணுவீங்க?"

"அவங்கள எண்ண மாட்டோம்க்கா."

சொல்லும்போதே எனக்குக் கூசியது. தப்பைத் திருத்தினால், தினமும் பஸ் விடலாம் என்று நான் எழுதியதையும் எடுத்துவிடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"அப்ப டூரிஸ்டுன்னே இருக்கட்டுமுங்க. நாங்க பஸ்ஸு கேட்டப்பல்லாம் ஆளு இல்லன்னாங்க. இப்பதான் ஆளு இருக்குன்னு யாரோ எழுதியிருக்கீங்க. அத ஏன் அழிக்கணும்?"

ஜீப் போய்ச் சேர்ந்ததும் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். சாமைக்காகக் காத்திருந்த காய்ந்த நிலம், ஓட்டு வீடுகள், பாதிக்கு மேல் பூட்டு. திரும்பியதும் மேலாளரிடம், அங்கே வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருந்தால் என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அந்த ஊரையே தூக்கிடு. நம்மகிட்ட கேட்டது டூரிஸ்ட்டைப் பத்தி," என்றார் தலைநிமிராமல். ஆத்திரமாக வந்தது. போனவர்களுக்குத் தங்கள் வீடு வீடில்லை, இருப்பவர்கள் ஆளே இல்லை. என்ன கணக்கு இது?

"சும்மா கேட்டேன் சார். நேர்லயே போய்ப் பாத்தேன். வியூ பிரமாதம்," என்றேன். அறிக்கை அப்படியே போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. மெயில் வந்ததா என்று பார்ப்பேன், எழுந்து காபி போடுவேன், குடிக்காமல் மறுபடி வந்து பார்ப்பேன். பொய் சொன்னோமே என்றுகூட இல்லை. அது பலிக்க வேண்டுமே என்றுதான் தவிப்பு. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் பஸ்ஸுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று மேலாளர் சொன்னார். அன்று என் கால்கள் தரையில் இல்லை.

சில வாரம் கழித்து, ஜீப்பில் என் நம்பரை வாங்கிக்கொண்ட அந்த அக்கா போன் செய்தார். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"பஸ்ஸு வந்துடுச்சுங்க. புது பஸ்ஸு."

"பாப்பா ஸ்கூலுக்குப் போகுதாக்கா?"

"டூரிஸ்டுங்களுக்கு வுட்ட பஸ்ஸாம். சனி ஞாயிறு மட்டும்தான் வருது." கோபமே இல்லாமல் சொன்னார். "சனி ஞாயிறு ஸ்கூல் லீவுங்களே."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"பாப்பா இங்கதான், எம்பக்கத்துல துணி அடுக்கிட்டு இருக்கு. பேசறீங்களா?"