அமிர்தவர்ஷினி வேண்டாம்

போன சனிக்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு, மயிலாப்பூரில் ஏசி போட்ட புது அரங்கில், ராமநவமிக் கச்சேரியில் பாடகி அமிர்தவர்ஷினியை எடுத்ததும், என் கை தானாகச் சட்டைப்பையில் பென்சிலைத் தேடியது. பாடினால் மழை வரும் என்பார்களே, அந்த ராகம். பக்கத்தில் ஏழுமலை. அதனால்தான் பென்சில்.

ஏழுமலைக்கு மரக்காணத்தில் உப்பளம். நான் அங்கே பள்ளியில் சரித்திர வாத்தியார். கச்சேரிப் பைத்தியம் இருவருக்கும் ஒரே அளவுதான். மார்கழியில் பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். வேலை இல்லாததால் எந்த ராகத்தையும் தாராளமாகக் கேட்பார். ராமநவமிதான் சிக்கல். அது உப்பு வாரும் காலம்.

முன்பு இந்த அரங்கு இருக்கும் இடத்தில் தகரக் கொட்டகை இருந்தது. நாலு மின்விசிறி, மூன்று சுற்றும். கேண்டீனில் வெங்காயம் வதங்கும் வாசனை சரியாகப் பல்லவிக்கு உள்ளே வரும். இன்றும் வெங்காயம் வதங்கினால் எனக்குக் கல்யாணி கேட்கிறது. என் மனைவி இதை ரசனையாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தக் கொட்டகைக் காலத்தில், பங்குனியில் ஒரு ஞாயிறு, ராமநவமிக் கச்சேரி. வானம் கருத்திருந்தது. ஊரில் உப்புக் குவியல்மேல் இன்னும் கீற்று போடவில்லை. அன்றைய பாடகி, வயதான அம்மாள், அமிர்தவர்ஷினியைத் தொடங்கினார். பிடித்த பாட்டைக் கேட்டு மேடைக்குச் சீட்டு அனுப்புவது வழக்கம். ஏழுமலை என் பென்சிலைப் பிடுங்கி, நோட்டீஸின் பின்பக்கம் எழுதி அனுப்பினார்: 'அம்மா, அமிர்தவர்ஷினி வேண்டாம். மரக்காணத்தில் உப்பு மூடவில்லை.'

கண்ணாடி போட்டுப் படித்த பாடகி மைக்கிலேயே கேட்டார்: "உப்பு யாரோடது?"

ஏழுமலை எழுந்து நின்றார். "என்னுதுதாங்க. அரை வருஷத்துச் சோறுங்க."

சபை சிரித்தது. பாடகி சிரிக்கவில்லை. மோகனத்துக்கு மாறினார்.

மரக்காணத்தில் அன்று ஒரு சொட்டு விழவில்லை. அதன்பின் ராகத்தால் மழை வராது என்று ஏழுமலையிடம் வாதாட முடியவில்லை. யாரும் பாடாத நாளில் மழை வந்து உப்பு கரைந்ததற்கு என் குறிப்பேட்டில் நாள் கிழமையோடு ஏழு பதிவுகள் உண்டு. காட்டினேன்.

"பக்கத்து ஊர்ல எவனாச்சும் பாடியிருப்பான், வாத்யாரே."

வருஷாவருஷம் பென்சில் கொண்டுபோனேன்.

இப்போது கொட்டகை இல்லை. சீட்டு அனுப்பக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் போன சனிக்கிழமை பென்சிலை நீட்டினேன். ஏழுமலை வாங்கவில்லை. தை மாதம் உப்பளத்தை விற்றுவிட்டார்.

"பாடட்டும் விடு வாத்யாரே. நனையறதுக்கு எங்கிட்ட என்னா இருக்குது?"

முழுக்கக் கேட்டோம். தகரம் போனதால், வெளியே மழையா என்று உள்ளே தெரிய வழியில்லை. வந்து பார்த்தால் ரோடு காய்ந்திருந்தது. தெற்கே, மரக்காணம் பக்கம் மட்டும் வானம் கருப்பு. ஏழுமலை கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, உப்பளத்தை வாங்கியவரைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, உப்ப மூடிட்டியா?"