கண்ணை மூடி எழுதிய ஏரி

ஏரி மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. இருபது வருடமாக அந்த ஏரியைப் பற்றி வாரப் பத்திரிகைக்கு அரைப் பக்கம் எழுதி வந்தார். "எழுத்தில் உயிரில்லை. இந்த வாரமும் இப்படியே இருந்தால் நிறுத்திவிடுவோம்" என்று ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார்.

புதிதாக எழுதியதைப் படித்துவிட்டு மனைவி சிரித்தாள். "எல்லாத்தையும் கண்ணாலயே எழுதியிருக்கீங்க. காதை என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

அது அவருக்கு உறைத்தது. மறுநாள் விடிந்ததும் கரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதை மட்டும் நோட்டில் தடவித் தடவி எழுதினார். நாணல் உரசியது. ஒரு தவளை கத்தி ஓய்ந்தது. பிறகு, முழங்கால் அளவுத் தண்ணீரில் யாரோ அவரை நோக்கி நடந்து வரும் சத்தம். பன்னிரண்டு அடி எண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்தார். சத்தம் நின்றது. தண்ணீரில் ஒரு சுழிப்புகூட இல்லை.

ஒரே தடவை கேட்டதை அவர் அச்சுக்குக் கொடுப்பதில்லை. அடுத்த நாளும் அதே இடத்தில் போய்க் கண்ணை மூடினார். காலடி முதலிலிருந்து தொடங்கவில்லை. முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. ஒன்பது அடி எண்ணியதும் கண்ணைத் திறந்துவிட்டார். கடைசி இரண்டு அடியும் கரையின் ஈர மண்ணில் விழுந்தன.

அன்றே கட்டுரையை எழுதி முடித்தார். மனைவி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"உயிர் வந்துடுச்சுங்க. ஆனா வந்தது யாருன்னு சொல்லாம விட்டுட்டீங்களே. நாளைக்கும் போய்க் கேட்டுட்டு அனுப்பலாமே?"

"இதுவே போதும்மா" என்றபடி அவர் உறையை ஒட்டினார். "என்கிட்ட வர இனி ரெண்டு அடிதான் பாக்கி."